கனகாம்புஜம் நிரூபிக்காத ஒன்று

சென்ற வாரம் லாஸ்பேட்டையில், செவிலியர் கல்லூரிக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளியின் முதுகில் ஸ்பிரிட் தேய்ப்பது வீண் வேலை என்று நம் ஊரில் முதலில் நிரூபித்தவர் கனகாம்புஜம் என்பது அந்த வாக்கியம். அது சரியல்ல. அவர் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபித்ததாகச் சொல்லும்படி மேலிடத்திலிருந்து கேட்டபோது மறுத்தார். மறுத்ததால் அவருக்கு வரவேண்டிய பதவி வராமல் போயிற்று. இதை நேரில் கண்டவர்களில் இன்று பேனா பிடிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். ஆகவே எழுதுகிறேன். ஆசையால் எழுதவில்லை. நமது ஓய்வுபெற்ற செவிலியர் மடலுக்கு நான் இதுவரை எழுதிக் கொடுத்தவை பெரும்பாலும் அஞ்சலிகளே. கை சலித்துவிட்டது.

செய்தி வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் தொலைபேசி இல்லை. தெருமுனை மருந்துக் கடைக்குத்தான் எனக்கு வரும் அழைப்புகள் வரும். கடைக்காரர் மனைவி கை துடைத்த முந்தானையோடு வந்து வாசலில் நின்றார்.

"மதாம், ரெட்டியார்பாளையத்துலேர்ந்து போன் வந்துச்சு. கனகம் டீச்சர் போய்ட்டாங்களாம்."

"யார் பேசினது?"

"தங்கச்சியாம். சரோஜான்னு சொன்னாங்க."

"பக்கத்தில் இருந்தாளா அவள்?"

"அது நான் கேக்கலியே மதாம்."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். இறந்த செய்தி கேட்டு இப்படியா விசாரிப்பார்கள் என்று நினைத்திருப்பார். கனகாம்புஜத்தோடு பழகியவர்கள் இப்படித்தான் விசாரிப்பார்கள். யார் சொன்னது, அவர் பார்த்தாரா, பார்த்தவர் சொல்லக் கேட்டாரா. இந்த மூன்றையும் கேட்காமல் அவரிடம் எந்தச் சேதியையும் கொண்டுபோக முடியாது.

அவரை அறியாத இளையவர்களுக்காகச் சில வார்த்தைகள். பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகள். உதவித்தொகையில் வெளியூர் சென்று செவிலியப் பட்டம் பெற்றுத் திரும்பி, நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அதே மருத்துவமனையில் ஆண்கள் எலும்பு வார்டின் பொறுப்புச் சிஸ்டர். என்னைவிட அவர் பத்து வயது இளையவர். உரத்த குரல். புடவையில் எப்போதும் சுண்ணாம்புக்கட்டித் தூள். தொப்பியை நேராக வைக்கும் கலையை அவர் கடைசிவரை கற்கவில்லை; நான் பலமுறை சொல்லியும் பயனில்லை. நேரத்துக்கு வந்ததும் குறைவு. இவற்றைச் சொல்லாமல் விட்டால் அவரே கோபித்துக்கொள்வார். பாதியைச் சொல்லி மீதியை மறைக்கும் பாராட்டு அவருக்குப் பிடிக்காது.

எங்கள் முதல் சந்திப்பு சண்டையில்தான் தொடங்கியது. நான் கன்னியர் மடத்தில் படித்து, அவர்கள் நடத்திய மருத்துவமனையிலேயே தொழிலும் பயின்றவள். பிரெஞ்சுக்காரர் காலம். அங்கே தலைமைக் கன்னியரை மா மேர் என்று அழைப்போம். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்குக் காலையும் மாலையும் முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட வேண்டும் என்பது மா மேர் எங்களுக்குக் கற்பித்தது. படுக்கைப்புண் வராமல் காக்க அதுவே வழி. என் வார்டில் ஒரு நாளும் அது தவறியதில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், ஆலையில் இடுப்பு நசுங்கியவர்கள், வண்டியில் அடிபட்டவர்கள் எல்லாம் மாதக்கணக்கில் கிடக்கும் வார்டு அது. என் வார்டுக்குள் நுழைந்தால் முதலில் ஸ்பிரிட் வாசனைதான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு.

மாணவிகளை அழைத்துக்கொண்டு வந்த கனகாம்புஜம், நான் ஒருவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டார்.

"சிஸ்டர், இதை எதுக்குச் செய்றோம்?"

"இரத்த ஓட்டத்துக்கு."

"ஓடுதா?"

நான் கையை நிறுத்தவில்லை. "எங்கள் மா மேர் சொல்லிக் கொடுத்தது."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"அவருடைய மா மேர்."

மாணவிகள் சிரித்துவிட்டார்கள். குப்புறப் படுத்திருந்த நோயாளியும் தலையணைக்குள் சிரித்தார். "டீச்சரம்மா, நல்லாத்தான் இருக்குது, கேள்வி கேட்டு நிறுத்திப்புடாதீங்க" என்றார். நான் மாணவிகளை வெளியே அனுப்பிவிட்டு, என் வார்டில் என்னைக் கேள்வி கேட்பதானால் தனியாக வந்து கேட்கும்படி அவரிடம் சொன்னேன்.

மறுநாள் தனியாக வந்தார். அதுதான் அவரிடம் நான் கண்ட முதல் நல்ல குணம்.

"சண்டைக்கு வரல சிஸ்டர். உங்க பக்கம் சரியா இருக்கலாம், எம்பக்கம் சரியா இருக்கலாம். வார்டுல ரெண்டு வரிசை இருக்குது. பாத்துடலாமே?"

அவர் எண்ணம் இதுதான். சன்னலோர வரிசைக்கு வழக்கம்போல் ஸ்பிரிட்டும் பவுடரும். சுவரோர வரிசைக்கு அவை இரண்டும் இல்லை. இரண்டு வரிசையினரையும் இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றித் திருப்பிப் போட வேண்டும். உணவு, விரிப்பு, மற்ற எல்லாமும் ஒன்றே. சில மாதம் பார்த்தால் எந்த வரிசையில் புண் அதிகம் வருகிறதென்று தெரிந்துவிடும். நான் ஒப்புக்கொண்டேன். ஸ்பிரிட் இல்லாத வரிசை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவரும் எனக்கு நேர்மாறாக அவ்வளவே உறுதியாக இருந்தார். இருவருக்கும் முன்கூட்டியே விடை தெரிந்திருந்தது. அதனால்தான் இதைத் தொடங்க முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

தொடங்கும் முன்பே ஒரு சிக்கல். புண் வரப்போவதன் முதல் அடையாளம் தோல் சிவப்பது என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லும். வெளிநாட்டுப் புத்தகம். கனகாம்புஜம் அதைக் கொண்டுவந்து ஒரு மீனவரின் முதுகுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். தேங்காய்த்திட்டில் படகு தள்ளும்போது இடுப்பொடிந்தவர் அவர். வெயிலில் கறுத்து மின்னும் முதுகு.

"இதுல எங்க சிஸ்டர் சிவப்பு? இந்தப் புத்தகத்த எழுதினவரு நம்மூரு முதுகு ஒண்ணைக்கூட பாத்ததில்ல."

புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும், விரலால் அழுத்தி இறுக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று மாணவிகளுக்குக் கற்பித்தார். ஒரே முதுகை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள்; ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியக்கூடாது. இருவரும் ஒன்றே சொன்னால்தான் ஏற்பார். முதலில் இருவரும் ஒத்துப்போனதே அரிது. நான் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்லுவீங்க சிஸ்டர், நான் இல்லங்கல. நீங்க லீவுல போனா யாரு சொல்லுவா?" என்றார். பார்க்க வரும் மாணவிக்கு எந்த வரிசைக்கு என்ன செய்கிறோம் என்பது தெரியக்கூடாது என்பதற்காக, அவள் வருமுன் எல்லா முதுகையும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். விருப்பு வெறுப்பு கைக்குள் புகுந்துவிடும் என்பார். இன்று ஆதாரம், ஆய்வுமுறை என்று இதற்கெல்லாம் பெயர் வைத்துப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அன்று எங்களுக்கு அது அளவுக்கு மீறிய வேலையாகத்தான் பட்டது. மாணவிகள் அவரைச் சபித்தார்கள். நானும் உள்ளூரச் சலித்துக்கொண்டேன்.

அடுத்த சிக்கலில் நாங்கள் உண்மையாகவே மோதிக்கொண்டோம். நோயாளிகளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றார். நான் கூடாது என்றேன். அந்தக் காலத்தில் யாரும் நோயாளியிடம் எதுவும் கேட்டதில்லை, செய்வோம், அவ்வளவுதான்.

"அவங்க முதுகு சிஸ்டர். அவங்களுக்குத் தெரியாம நாம பந்தயம் கட்டக்கூடாது."

"சொன்னால் குழப்பம் வரும், கனகம்."

"வரட்டும். வேணாம்னு யாராச்சும் சொன்னா அவங்கள விட்டுட்டுப் பாப்போம்."

மாணவிகள் இல்லாத ஒரு பிற்பகலில், பார்வையாளர் நேரத்தில், வார்டின் நடுவில் நின்றுகொண்டு எல்லோருக்கும் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் நோயாளிகளின் மனைவிமார். ஆண்கள் வார்டு என்றாலும் மனைவியோ தாயோ பக்கத்தில் இல்லாமல் ஒருவரும் கிடந்ததில்லை. கட்டிலுக்கு அடியில்தான் அவர்கள் தூங்குவார்கள். கஞ்சி கொடுப்பது, மலம் எடுப்பது எல்லாம் அவர்களே. கனகாம்புஜம் மறைக்காமல் சொன்னார். இந்த வரிசைக்குத் தேய்ப்போம், அந்த வரிசைக்குத் தேய்க்க மாட்டோம், எது நல்லதென்று எங்களுக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இது.

"டாக்டருக்குமா தெரியாது?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அவருக்கும்தான்."

"அப்ப நாங்க வந்து படுத்தது யார நம்பி?" என்றார் அவர். வார்டே சிரித்தது. யாரும் மறுக்கவில்லை. இதுவரை தென்னை மரத்திலிருந்து ஒரு தபா விழுந்ததாகவும், இங்கே இரண்டு மணிக்கொரு தபா உருட்டுவதாகவும் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

மாதங்கள் கழிந்தன. எண்ணிப் பார்த்தபோது சுவரோர வரிசையில் புண் குறைவு. சிறிய வித்தியாசம் என்று ஒதுக்கிவிட முடியாது; பார்த்த எவருக்கும் தெரியும் வித்தியாசம். ஸ்பிரிட் தேய்க்கப்படாதவர்கள் நன்றாக இருந்தார்கள். நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. என் கணவர் காரணம் கேட்டார், தலைவலி என்றேன்.

கனகாம்புஜம் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குதிக்கவில்லை. முகம் வாடிப்போய் வந்தார்.

"சிஸ்டர், எங்கூட வாங்க. ஒரு முதுக மோந்து பாக்கணும்."

சுவரோர வரிசையில் முதலியார்பேட்டை ஆலைத் தொழிலாளி ஒருவர். ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். ஆனாலும் குனிந்தால் சந்தனப் பவுடர் மணந்தது. எங்கள் வார்டுப் பவுடருக்கு மணமே கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இவருக்கு யாரு பவுடர் போட்டது?"

"நாந்தான் போட்டேன்."

"சுவரோரத்துக்கு வேணாம்னு சொன்னமே?"

அஞ்சலை கீரையைக் கீழே வைத்தாள். "நீங்க போட மாட்டேன்னீங்க. சரி. அந்தாண்ட வரிசைக்கு மட்டும் தேய்க்கிறீங்க, பூசறீங்க. எங்க ஆளு என்னா மாத்தாந்தாய் புள்ளையா?"

"அதுக்குன்னு நீங்களா போடறதா? சட்டம் போட்டுத்தான செய்றோம்?"

"உங்க சட்டம் நர்சுக்குத்தான டீச்சரம்மா. பொண்டாட்டிக்கு யாரு சட்டம் போட்டது?"

பக்கத்துக் கட்டில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விசாரித்ததில், அவளும் போட்டிருக்கிறாள். அதற்கடுத்தவள் நல்லெண்ணெய் தடவியிருக்கிறாள். இது பவுடரோடும் நிற்கவில்லை. தம் ஆளுக்குக் குறைத்துச் செய்கிறார்கள் என்று நினைத்த அந்தப் பெண்கள், நாங்கள் திருப்பிப் போடும் நேரத்துக்குக் காத்திராமல் தாங்களே திருப்பியிருக்கிறார்கள். விரிப்பு நனைந்தவுடன் மாற்றியிருக்கிறார்கள். முட்டையும் பாலும் வெளியிலிருந்து வரவழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சன்னலோரத்துப் பெண்களோ, நர்சுகள்தான் எல்லாம் செய்கிறார்களே என்று கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறார்கள். வார்டு என்றால் கட்டில், மருந்து, நர்சு, டாக்டர் என்றுதான் நாங்கள் இருவரும் யோசித்தோம். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவர்களை யோசிக்கவே இல்லை. சுவரோர வரிசை நன்றாக இருந்ததற்கு ஸ்பிரிட் இல்லாதது காரணமா, அஞ்சலைகள் காரணமா? பிரித்துச் சொல்ல வழி இல்லை.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும், "சொல்லாமல் செய்திருந்தால் இது நடந்திருக்காது" என்றேன்.

"நடந்திருக்காதுதான்" என்றார். "ஆனா அப்பவும் நான் சொல்லியிருப்பேன்."

இதற்குள் விஷயம் மருத்துவமனையின் பெரிய டாக்டர் காதுக்கு எட்டிவிட்டது. வெளியூரில் ஒரு மாநாடு வரவிருந்தது. நம் மருத்துவமனையின் பெயரில் படிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். பள்ளியின் முதல்வர் பதவியும் அப்போது காலியாக இருந்தது. அது கனகாம்புஜத்துக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் தந்தை அந்த வருடம் ஆலையிலிருந்து நின்றுவிட்டார். தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதவி அவர் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும்.

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார்.

"நீங்க நெனச்ச முடிவுதானேம்மா வந்திருக்கு? அப்புறம் எதுக்கு முகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"நெனச்சது வந்துச்சு சார். எதனால வந்துச்சுன்னு சொல்ல முடியல."

"நாலு பொம்பளைங்க பவுடர் போட்டத மாநாட்டுல யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன் சார்."

"நீங்கதானம்மா படிக்கப் போறீங்க."

"அதான் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். வார்டுப் பொறுப்பு என்னுடையது, நான் சொன்னால் கனகாம்புஜம் கேட்பார் என்று எண்ணினார் போலும். எனக்கு அந்த முடிவே பிடிக்கவில்லை, அது என் வார்டு வழக்கத்தைக் குறை சொல்கிறது, ஆனால் அதற்காக நான் இதைச் சொல்லவில்லை, அந்தச் சந்தன வாசனையை நானும் முகர்ந்தேன், ஆகவே டீச்சர் சொல்வது உண்மை என்றேன். தவறு எங்கே என்று தெரிந்துவிட்டதால், இரண்டு வரிசையை ஒரே அறையில் வைக்காமல், வேறு வேறு கட்டடத்து வார்டுகளில் மறுபடி செய்து பார்க்க அனுமதி தாருங்கள் என்று கனகாம்புஜம் கேட்டார். பெரிய டாக்டர் கோப்பினை மூடிவிட்டார். அனுமதி வரவே இல்லை. மாநாட்டில் வேறு யாரோ வேறு எதையோ படித்தார்கள். முதல்வர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். கனகாம்புஜம் ஆசிரியையாகவே இருந்தார். ஆசிரியையாகவே நோயில் விழுந்தார்.

அதைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் சொல்லியிருக்கிறார். ஒரு மழை நாளில், பேருந்துக்குக் காத்திருந்தபோது, "அந்தப் பதவி கெடச்சிருந்தா சரோஜாவுக்கு இன்னும் நல்ல எடத்துல முடிச்சிருப்பேன் சிஸ்டர்" என்றார். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டோம்.

அந்தச் சோதனையை அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிய வகுப்புக்கு அதையே பாடமாக நடத்தினார். இரண்டு வரிசைகளையும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "நாங்க யார மறந்தோம்?" என்று கேட்பார். இரவு நர்சை என்பார்கள், மெத்தையை என்பார்கள், வார்டு வேலையாளை என்பார்கள். விடை வராது. கடைசியில் அவரே "பொண்டாட்டிங்கள" என்பார். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் அடுத்த வரியைச் சொல்வார்: "இப்ப சொல்லுங்க, ஸ்பிரிட் நல்லதா கெட்டதா?" கெட்டது என்பவர்களை நிற்க வைப்பார். நல்லது என்பவர்களையும் நிற்க வைப்பார். தெரியாது என்பவள்தான் உட்காரலாம். கூட்டத்தில் பேசிய மூவரும் அவரிடம் படித்தவர்கள். மூவரும் அன்று நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது வெளிநாட்டுப் புத்தகங்களில் முதுகைத் தேய்க்க வேண்டாம் என்று வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். அது அவர்கள் செய்து பார்த்துச் சொல்வது. அந்தப் புகழைக் கொண்டுவந்து இவர் தலையில் சூட்ட வேண்டியதில்லை. தன்னுடையதல்லாததை இவர் உயிரோடிருந்தபோதே வாங்கிக்கொள்ளவில்லை.

என் கணவர் காலமானபோது நடந்ததையும் எழுத வேண்டும். கடைசி நாட்களில் எனக்கும் காய்ச்சல். மருத்துவமனையில் அவர் பக்கத்தில் மாறி மாறி யாரோ இருந்தார்கள். உயிர் பிரிந்த பிற்பகல் நான் வீட்டில் படுத்திருந்தேன். பிறகு வந்தவர்கள் எல்லோரும், அவர் நிம்மதியாகப் போனார், ஒரு வலியும் இல்லை, உறங்குவதுபோல் போனார் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலைக்கூட மிதிக்கவில்லை. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்து ஆட்கள் குறைந்ததும் கனகாம்புஜம் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மதியம் நான் இருந்தேன் சிஸ்டர். வலின்னு சொல்லல. மூச்சு வாங்குச்சு. தண்ணி கேட்டாரு, ஸ்பூன்ல குடுத்தேன், கொஞ்சம் முழுங்கினாரு. 'பிலோமினா சாப்பிட்டாளா'ன்னாரு. சாப்டாங்கன்னு சொன்னேன், அது எனக்குத் தெரியாது, ஆனா சொன்னேன். அப்புறம் எனக்கு வகுப்பு, போய்ட்டேன். அதுக்கு மேல நான் பாக்கல."

அன்று என்னிடம் பேசியவர்களில், நான் நம்பக்கூடிய ஒன்றைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் கொடுத்த நிம்மதி மரணம் எனக்கு எதற்கும் உதவவில்லை. அந்தக் கொஞ்சம் தண்ணீரும் அந்த ஒரு கேள்வியும் இத்தனை வருடமாக எனக்குப் போதுமானதாக இருக்கின்றன.

அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு நான் முடிந்தபோதெல்லாம் போனேன். பேச்சு பாதிதான் வரும்; கேலி மட்டும் முழுசாக வந்தது. ஒரு நாள் சரோஜா என்னிடம் ஒரு பாட்டிலைக் காட்டினாள்.

"மதாம், அக்கா முதுகுக்கு ஸ்பிரிட் தேய்க்கலாங்களா? தேய்க்கக் கூடாதுங்களா? அக்காவக் கேட்டா சிரிக்குது."

நான் கனகத்தைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது" என்றார் மெல்ல. பிறகு, "சிஸ்டருக்கும் தெரியாது" என்றார். சொல்லுக்குச் சொல் நிறுத்தி மேலும் சொன்னார். "திருப்பிப் போடு. அதுவும் நாங்க சோதிச்சுப் பாக்கல. ஆனா திருப்பாம விட்டுப் பாக்க யாருக்கு மனசு வரும்?"

நான் ஸ்பிரிட் தேய்த்தேன். அவர் தடுக்கவில்லை. நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்குது. அது வேற விஷயம் சிஸ்டர்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று இத்தகைய கட்டுரைகளின் முடிவில் எழுதுவது வழக்கம். கண்டதைக் கண்ட அளவுக்குச் சொல்லி அங்கேயே நிறுத்துவது. அதை அவரிடம் பார்த்தேன். எனக்கு அது எளிதாக வரவில்லை. இந்த வயதில் இனி முழுதாக வரப்போவதுமில்லை. ஆனால் அவர் விஷயத்திலாவது அதைச் செய்துவிட வேண்டும்.

கல்லூரிக் கூடத்தில் அவர் பெயரில் கல்வெட்டு ஒன்று பதிக்கப்போவதாகவும், மூவரும் சொன்ன அதே வாக்கியம் அதில் வரப்போவதாகவும் கூட்டத்தில் அறிவித்தார்கள். எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. அந்த வாக்கியம் என் வார்டையும் குறை சொல்கிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கல் பொய் சொன்னால் நாளை அதன் கீழே நின்று படிக்கப்போகும் பெண்கள், அவர் எதை வேண்டாம் என்று தள்ளினாரோ அதற்காகவே அவரைப் போற்றுவார்கள். "சோதித்துப் பார்த்தார், தெரியவில்லை என்று சொன்னார்" என்று பொறித்தால் போதும். கல்லூரி முதல்வரும் நினைவுக் குழுவினரும் வாக்கியத்தை மாற்றப்போகிறார்களா இல்லையா என்பதைக் கல்தச்சரிடம் வேலை கொடுக்குமுன் எனக்குத் தெரிவிக்க வேண்டும். மருந்துக் கடைக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்குக் காது மந்தம். எழுத்தில், கையொப்பத்துடன், தபாலில் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.